சேரிக் கிணற்றை யார் அளப்பது?

2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியிருந்தது. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் மேல் வெள்ளம் ஓடியது. ஆற்றோர ஊர்களில் மக்கள் மொட்டைமாடிகளில் ஏறி நின்றார்கள். மொட்டைமாடி இல்லாத வீடுகள் எந்தத் தெருவில் இருக்கும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அந்த எண் ஓடியது. 1 கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். அப்படியானால் விநாடிக்கு 47 லட்சம் லிட்டர். பெரிய எண்தான். ஆனால் ஆற்றோரக் காலனியில் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த எண்ணால் என்ன பயன்? அவருக்குத் தேவைப்படுவது வேறொரு எண். இவ்வளவு திறந்தால் என் தெருவில் எத்தனை அடி வரும், எத்தனை மணிக்கு வரும்? அதைக் கணக்கிடும் அறிவியல் இருக்கிறது. கணக்கிட வேண்டிய துறைகளும் இருக்கின்றன. கணக்கு மட்டும் சேரி வரை வருவதில்லை.

தண்ணீரை எடுப்பதில் சாதி இருக்கிறது என்று நாம் நூறு ஆண்டுகளாகப் பேசிவருகிறோம். தண்ணீரை அளப்பதிலும் சாதி இருக்கிறது என்பதை இன்னும் போதுமான அளவு பேசவில்லை. அளக்கப்படாத குறையை அதிகாரியின் மேஜைமேல் வைக்க முடியாது. வைத்தாலும், "ஆதாரம் என்ன?" என்ற ஒரே கேள்வியில் அது முடிந்துவிடும். ஆகவே சேரியின் தண்ணீரைத் தனியாக அளக்க வேண்டும் என்பது நம் இயக்கங்களின் கோரிக்கையாக வேண்டும். அளக்கக் கற்றுக்கொள்வது நம் மாணவர்களின் வேலையாக வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

நீரியல் கேட்கும் மூன்று கேள்விகள்

நீரியல் என்ற துறையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது மூன்று கேள்விகளைக் கேட்கிறது. ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது? மண்ணுக்கடியில் எவ்வளவு இருக்கிறது? இருப்பது குடிக்கத் தகுந்ததா?

முதல் கேள்விக்கு விடை தேடுவது மத்திய நீர் ஆணையமும் மாநில நீர்வளத் துறையும். தென்பெண்ணையில் விழுப்புரத்தில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் ஒன்று உண்டு. அங்கே அளவுகோலில் தண்ணீர் எத்தனை மீட்டர் ஏறி நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஓட்டமானியை இறக்கி வேகத்தை அளப்பார்கள். ஆற்றின் குறுக்குப் பரப்பை அந்த வேகத்தால் பெருக்கினால் விநாடிக்கு எவ்வளவு ஓடுகிறது என்பது கிடைத்துவிடும். இப்படிப் பல ஆண்டு அளவுகள் சேர்ந்துவிட்டால், தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் பார்த்தே ஓட்டத்தைச் சொல்லிவிடலாம்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். இவ்வளவு ஓட்டம் வந்தால் இந்தக் கரையில் இந்த மட்டம் வரும் என்றும் சொல்லலாம் அல்லவா? 2021 வெள்ளம், 2024 வெள்ளம் இரண்டிலும் எந்தத் தெருவில் எந்த வீட்டுத் திண்ணை வரை தண்ணீர் வந்தது என்பது நம் மக்களுக்கு நினைவிருக்கிறது. சுவரில் கறை இருக்கிறது. அந்தக் கறையின் உயரத்தையும் அன்றைய திறப்பு அளவையும் ஒரே தாளில் எழுதினால் அதுதான் அந்தக் காலனிக்கான வெள்ள எச்சரிக்கை. இதற்கு ஒரு கணினியும் வேண்டாம். மேட்டில் நத்தம், பள்ளத்தில் சேரி என்று ஊரை அமைத்தவர்கள் தண்ணீர் எங்கே முதலில் வரும் என்று தெரிந்தேதான் அமைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பேரிடர் திட்டம் எழுதுகிறவர்களுக்குத் தெரியாதா?

இரண்டாவது கேள்வி நிலத்தடி நீர். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் பார்க்கிறது. மாநில அரசுக்கும் தனியாக நிலத்தடி நீர் தகவல் மையமும் கிணறுகளும் உண்டு. இந்த அளவுகளையும் மழைக் கணக்கையும் மோட்டார்க் கணக்கையும் வைத்துத் தமிழ்நாட்டில் பிர்கா வாரியாக ஒரு மதிப்பீடு செய்கிறார்கள். ஆண்டில் ஊறும் தண்ணீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பானது. 90ஐத் தாண்டினால் அபாயம். 100ஐத் தாண்டினால் அதிநுகர்வு. 2017 மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 பிர்காக்களில் 462 அதிநுகர்வுப் பட்டியலில் இருந்தன.

இந்தப் பட்டியல் முக்கியமானது. புதிய கிணற்றுக்கு அனுமதி, கடன், திட்டம் எல்லாவற்றையும் அது பாதிக்கிறது. ஆனால் ஒரு பிர்காவுக்குள் பல கிராமங்கள், ஒவ்வொரு கிராமத்துக்குள்ளும் ஊரும் சேரியும். ஒரு பேச்சுக்கு ஐந்து கிணறுகள் என்று வையுங்கள். நான்கில் தண்ணீர் 5 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஐந்தாவதில் 20 மீட்டருக்குப் போய்விட்டது. சராசரி 8 மீட்டர். எட்டு மீட்டர் என்றால் பரவாயில்லை என்று அறிக்கை சொல்லும். ஐந்தாவது கிணறு காலனிக் கிணறாக இருந்தால் அந்தச் சராசரிக்கு அடியில் ஒரு குடியிருப்பே புதைந்துபோகும்.

வாரியம் வெளியிடும் நீர்மட்ட அட்டவணைகளைப் பாருங்கள். கிராமம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம் எல்லாம் இருக்கும். அந்தக் கிணறு ஊரில் இருக்கிறதா, காலனியில் இருக்கிறதா என்பதற்குப் பத்தி இருக்காது. குழாய் இணைப்பு கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கில் பட்டியல் சாதியினர் அதிகம் வாழும் குடியிருப்பு என்ற பிரிவு உண்டு. குழாய் போட்டதை எண்ணும்போது சேரி கண்ணுக்குத் தெரிகிறது. குழாய்க்குள் வர வேண்டிய தண்ணீரை எண்ணும்போது மறைந்துவிடுகிறது. பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் 29 சதவீதம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மக்களின் நீர்மட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு எண்கூட இல்லை.

பாறையும் பட்டாவும்

ஒரு நீரியல் அறிஞர் இதற்குப் பதில் சொல்லலாம். "கண்காணிப்புக் கிணறுகளைப் பாறையின் அமைப்பைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். சாதியைப் பார்த்து அல்ல. நிலத்தடி நீருக்குச் சாதி தெரியாது." நியாயமான வாதம். அதை அவருடைய அறிவியலை வைத்தே பார்ப்போம்.

செஞ்சி, மேல்மலையனூர் பக்கம் முழுவதும் கடினப் பாறை. திண்டிவனத்தின் பெரும்பகுதியும் அப்படித்தான். கிழக்கே வானூர் பக்கம் மணற்கல் படிவங்கள் வருகின்றன. திருவக்கரையில் கல்மரங்கள் கிடைப்பது இப்படிப்பட்ட படிவங்களில்தான். தென்பெண்ணை, சங்கராபரணி ஓரங்களில் வண்டல். மணற்கல்லில் தண்ணீர் பரவலாகத் தேங்கும். கடினப் பாறையில் அப்படி இல்லை. மேலே சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழே வெடிப்புகளிலும் மட்டும் தண்ணீர் இருக்கும். வெடிப்பில் விழுந்த போரில் தண்ணீர் கொட்டும். நூறு அடி தள்ளிப் போட்ட போரில் புழுதி பறக்கும். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு கிணறு ஒரு கிராமத்துக்கே சாட்சி சொல்ல முடியாது. ஆகவே காலனியில் தனியாக அளக்க வேண்டும் என்று நாம் சொல்வது சலுகை கேட்பதல்ல. நீரியலே அதைத்தான் கேட்கிறது.

இன்னொரு விஷயம். ஒரு ஆழமான போர் ஓடும்போது அதைச் சுற்றி நீர்மட்டம் புனல் போலக் குழிந்து இறங்கும். அந்தக் குழிவுக்குள் இருக்கும் ஆழமில்லாத கிணறு முதலில் வற்றும். ஆழமான போர் யாருடையது, ஆழமில்லாத கிணறு யாருடையது? நிலத்தடி நீருக்குச் சாதி கிடையாது, சரி. கிணற்றுக்கு உண்டு.

இதற்குச் சட்டமே துணை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தன் 7ஆவது பிரிவில், தன் நிலத்துக்கடியில் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்வது நில உடைமையாளரின் உரிமை என்று உதாரணமாகச் சொல்கிறது. வெள்ளைக்காரன் எழுதிய அந்த வரி இன்றும் உயிரோடு இருக்கிறது. பட்டா இருந்தால் போர் போடலாம். போர் இருந்தால் இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓடும். பட்டா இல்லாதவருக்கு இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் இடமில்லை. 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டபோது கொடுக்கப்பட்டது வெறும் மண் அல்ல. அதன் அடியில் இருந்த தண்ணீரும்தான். பஞ்சமி நிலம் கைமாறியபோது அந்தத் தண்ணீரும் கைமாறியது. நில மீட்புப் போராட்டத்தை நாம் நீர் மீட்புப் போராட்டமாகவும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வராமலே 2013இல் அது ரத்து செய்யப்பட்டது. இயற்கை வளங்களை அரசு மக்களுக்கான அறங்காவலராக வைத்திருக்க வேண்டும் என்று 1996இல் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அறங்காவலரிடம் கணக்கு கேட்கும் உரிமை பயனாளிக்கு உண்டு. அந்தக் கணக்கைத்தான் நாம் கேட்கிறோம்.

தென்பெண்ணையில் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டப்பட்ட தளவானூர் தடுப்பணை சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில் உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் உடைந்தது. இரண்டிலும் இழப்பு ஏக்கர் கணக்கில் பேசப்பட்டது. அது சரியான கணக்குதான், முழுமையான கணக்கு அல்ல. நிலமில்லாதவருக்கு ஏக்கரில் இழப்பு வராது. கூலி குறையும், கைப்பம்பில் காற்று வரும், தலையில் குடம் ஏறும். இந்த மூன்றுக்கும் எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

கடலோரத்தில் நிலைமை இன்னும் சிக்கல். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதப்பது போல நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நீரியலில் உள்ள ஒரு பொதுவான கணக்கு. மேலே 1 மீட்டர் இறங்கினால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறிவரத் தொடங்கும். மரக்காணம், கழுவேலி ஓரத்தில் கிணறு உப்பாகிப்போனால் காசு இருப்பவர் கேன் தண்ணீர் வாங்குவார். உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர் வேலையிலும் உப்பு, வீட்டிலும் உப்பு என்று இருப்பார்.

தரம் என்றால் எது?

மூன்றாவது கேள்விக்கு வருவோம். சமூகவியல் படிப்பில் தூய்மை, தீட்டு என்று பக்கம் பக்கமாகப் படிக்க வைப்பார்கள். லூயி துய்மோனிலிருந்து தேர்வுக் கேள்வி வரும். அந்தப் பாடத்தை ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. ஃபுளூரைடு 1, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45ஐத் தாண்டக் கூடாது. மலக் கிருமியான ஈ.கோலி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்த அட்டவணை தண்ணீரைச் சோதிக்கிறது.

சாதிக்கும் ஒரு தர நிர்ணயம் உண்டு. அது தண்ணீரைச் சோதிக்காது, தொட்ட கையைச் சோதிக்கும். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவுதார் குளத்து நீரை அம்பேத்கரும் தோழர்களும் அருந்தினார்கள். அந்தக் குளத்தைப் பயன்படுத்தும் உரிமையை நகராட்சி ஏற்கெனவே 1924இல் தீர்மானமாக நிறைவேற்றியிருந்தது. அதன் பிறகு சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? பசுஞ்சாணியையும் கோமியத்தையும் குளத்தில் கொட்டிச் சுத்தப்படுத்தினார்கள். எந்த ஆய்வகத்தில் கொடுத்தாலும் அந்தத் தண்ணீர் அதற்கு முன்னால்தான் தேறியிருக்கும். நம் மாகாணத்திலும் பொதுக் கிணறு, குளம், சாலைகள் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் 1924இல் நிறைவேற வைத்தார். சட்டம் நூறு வயதைத் தாண்டிவிட்டது. தனிக் குழாய், தனித் தொட்டி என்று அது சுற்றிவளைத்து மீறப்படுகிறது.

2022 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. குழந்தைகள் உடல்நலம் குன்றி, மருத்துவர் தண்ணீரைச் சந்தேகித்த பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். அதுவரை எத்தனை குடம் குடித்திருப்பார்கள்? இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர்தான் குற்றவாளிகள் என்று சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை வைத்தது. மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. வேங்கைவயல் நமக்குச் சொல்லும் பல பாடங்களில் இதுவும் ஒன்று: தண்ணீரைப் பற்றிய சான்று முழுவதும் மற்றவர் கையில் இருந்தால், அந்தச் சான்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் மற்றவர் கையில்தான் இருக்கும்.

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க அந்நகரத்தின் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிக்கும் தன்மையுள்ள அந்தத் தண்ணீர் பழைய குழாய்களிலிருந்து காரீயத்தைக் கரைத்துக் கொண்டுவந்தது. மக்கள் புகார் சொன்னார்கள். அதிகாரிகள் பரிசோதனை முடிவுகளைக் காட்டித் தண்ணீர் நல்லது என்றார்கள். மாதிரி எடுப்பதற்கு முன்பு குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரை ஓட விடச் சொல்லியிருந்தார்கள். அப்படிச் செய்தால் காரீயம் குறைவாகத்தான் தெரியும். 2015இல் ஃபிளின்ட் மக்களே வர்ஜீனியா டெக் ஆய்வாளர்களோடு சேர்ந்து 250க்கும் மேற்பட்ட வீடுகளில் மாதிரி எடுத்தார்கள். உண்மை வெளியே வந்தது. அக்டோபரில் தண்ணீர் மறுபடியும் பழைய ஆதாரத்துக்கு மாறியது. கட்டமைப்பில் ஊறிய இனவெறியே இதன் வேர் என்று 2017இல் மிச்சிகன் மாநிலத்தின் குடிமை உரிமை ஆணையம் அறிக்கை கொடுத்தது.

அங்கே பொய் இருந்தது ஆய்வகத்தில் அல்ல, பாட்டிலை எங்கே, எப்படி நிரப்பினார்கள் என்பதில். நம் ஊரில் பஞ்சாயத்துத் தண்ணீர் மாதிரி எந்தக் குழாயில் எடுக்கப்படுகிறது? மோட்டார் அறையிலா, ஊர்த் தெருவிலா, காலனியின் கடைசிக் குழாயிலா? குழாயின் கடைசி முனைக்கு வரும்போது குளோரின் குறைந்துபோயிருக்கும். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சமிருக்க வேண்டும் என்பது விதி. கடைசி முனை பெரும்பாலும் யாருடைய தெரு என்பது உங்களுக்குத் தெரியும்.

அளந்தவர்கள் நாம்தான்

இதையெல்லாம் படிக்கும்போது, இது பொறியாளர்களின் விஷயம், நமக்கென்ன என்று சிலருக்குத் தோன்றலாம். இரண்டு பேரை நினைவுபடுத்துகிறேன்.

ஒருவர் அம்பேத்கர். மகாத்தை நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் அப்போது போடப்பட்டது. 1945 ஏப்ரலில் மத்திய நீர்வழி, பாசன, போக்குவரத்து ஆணையம் உருவானது. அதுதான் இன்றைய மத்திய நீர் ஆணையம். விழுப்புரத்தில் தென்பெண்ணையை அளக்கும் அதே ஆணையம். குளத்தில் கை வைக்கும் உரிமைக்குப் போராடியவரே ஆற்றை அளக்கும் அமைப்புக்கும் காரணமாக இருந்தார். முதலாவதை மட்டும் போஸ்டரில் போடுகிறோம்.

இன்னொருவருக்குப் பெயர் இல்லை. அவர் நீர்கட்டி. வடதமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் மதகைத் திறந்து, ஒவ்வொரு வயலுக்கும் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சிய நீர்கட்டிகள் பெரும்பாலும் நம் ஆட்கள். ஏரியில் இருக்கும் தண்ணீர் எத்தனை நாள் தாங்கும், எந்த வயல் எவ்வளவு குடிக்கும், கலங்கல் எப்போது வழியும் என்று பார்வையிலேயே சொன்னவர்கள். அது நீரியல் இல்லாமல் வேறு என்ன? ஆனால் அந்த அறிவுக்குக் கிடைத்தது பட்டமோ பதவியோ அல்ல, அறுவடைக் களத்தில் சில மரக்கால் நெல். மற்றவர் வயலுக்காக அளந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் தெருவுக்காக அளக்க வேண்டும்.

வன்கொடுமை வழக்கு, கோயில் நுழைவு, ஆணவக் கொலை என்று இவ்வளவு இருக்கும்போது கயிறும் மீட்டரும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவதா என்று கேட்கும் தோழர்களும் உண்டு. அவர்களுக்கு என் பதில்: தண்ணீரும் வன்கொடுமைச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. பட்டியல் சாதியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீராதாரத்தைக் கெடுப்பது 3(1)(x) பிரிவின்படி குற்றம். தண்ணீர், பாசன வசதி மீதான உரிமையில் குறுக்கிடுவதும் 3(1)(g) பிரிவில் வருகிறது. கெட்டது என்று சொல்ல, கெடுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். அந்த முந்தைய எண் நம்மிடம் இல்லாததால் எத்தனை புகார்கள் காவல் நிலையத்து வாசலிலேயே நின்றுபோயின?

என்ன செய்யலாம்?

நான் வேலை செய்யும் காலனிகளில் ஒன்றில், கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் ஒரு கோடை முழுவதும் ஞாயிறுதோறும் காலனிக் கிணற்றை அளந்தார்கள். கயிற்றின் நுனியில் ஒரு இரும்புத் துண்டு, கிணற்று மேடையில் பெயிண்டால் ஒரு குறி, ஒரு நாற்பது பக்க நோட்டு. அவ்வளவுதான். பக்கத்து நிலத்து மோட்டார் ஓடிய நாட்களில் மட்டம் இறங்குவதும் கரண்ட் இல்லாத நாட்களில் ஏறுவதும் நோட்டில் தெளிவாகத் தெரிந்தது. பஞ்சாயத்து அலுவலகத்தில் காட்டியபோது, "தம்பி, இதுக்கெல்லாம் கவர்மென்ட்ல கணக்கு இருக்குப்பா" என்றார் ஒருவர். "அந்தக் கணக்கக் காட்டுங்க சார்" என்றார்கள் பையன்கள். அரசுக் கண்காணிப்புக் கிணறு வேறொரு கிராமத்தில் இருந்தது. அன்றைக்குத் தண்ணீர் கிடைத்துவிடவில்லை. ஆனால் முதல் முறையாக அந்த அலுவலகத்தில் ஆதாரம் கேட்டவர்களாக நாம் இருந்தோம்.

அளப்பதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. எப்போதும் ஒரே குறியிலிருந்து அளக்க வேண்டும். கிணற்று மேடையின் உயரத்தைக் கழித்துத் தரையிலிருந்து எழுத வேண்டும். மாதம் ஒரு முறையாவது, அதிகாலையில், மோட்டார் போடுவதற்கு முன்பு அளப்பது நல்லது. தேதி, நேரம், பக்கத்தில் மோட்டார் ஓடியதா, முந்தைய வாரம் மழை பெய்ததா என்பதையும் எழுத வேண்டும். நமக்குச் சாதகமான எண்ணை மட்டும் எழுதுவது கூடாது. ஒரு எண் பொய் என்று நிரூபிக்கப்பட்டால் முழு நோட்டும் குப்பைக்குப் போய்விடும்.

டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது கரைந்த உப்பை மட்டும்தான் சொல்லும். ஃபுளூரைடும் நைட்ரேட்டும் கிருமியும் அதில் தெரியாது. மீட்டரில் குறைந்த எண் வந்ததும் தண்ணீர் நல்லது என்று மக்களிடம் சொல்லிவிடாதீர்கள். மலக் கிருமிக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பிச் சோதனை இருக்கிறது. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் 1982இல் வெளியிட்ட எளிய முறை அது. தண்ணீர் ஊற்றி வைத்த குப்பி கறுப்பானால் சந்தேகப்பட வேண்டும். மற்றவற்றுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். கொடுக்கும்போது இரண்டு பாட்டிலாகக் கொடுங்கள். ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடுத்த ஊர்க் குழாய்த் தண்ணீர் ஒன்று, காலனியின் கடைசிக் குழாய்த் தண்ணீர் ஒன்று. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மீதியைத் தாளே பேசும்.

அரசிடம் கேட்க வேண்டியவை நான்கு. நீர்மட்ட அட்டவணையில் கிணறு இருக்கும் குடியிருப்பைக் குறிக்கும் பத்தி வேண்டும். ஒவ்வொரு ஆதிதிராவிடர் குடியிருப்பிலும் ஒரு கண்காணிப்புக் கிணறும், அதன் மட்டத்தை மாதந்தோறும் தமிழில் எழுதும் பலகையும் வேண்டும். குடிநீர் மாதிரி காலனியின் கடைசிக் குழாயிலும் எடுக்கப்பட்டு, முடிவு கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். ஆற்றோரக் காலனிகளில் சுவரிலோ மின்கம்பத்திலோ வெள்ள அளவுகோல் வரையப்பட்டு, எவ்வளவு கன அடிக்கு எந்தக் கோடு என்று எழுதப்பட வேண்டும். இதில் எதற்கும் கோடிகள் தேவையில்லை.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் பஞ்சாயத்தில் அந்த ஐந்து பேர் யார்? அவர்களில் காலனிப் பெண்கள் எத்தனை பேர்? பரிசோதனைப் பெட்டி எங்கே இருக்கிறது, யார் வீட்டு அலமாரியில்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். தமிழ்நாட்டில் அன்று கிராம சபை நடக்கிறது. இரண்டு நாள் முன்னால், மார்ச் 20, மகாத் நாள். மகாத் நாளில் கூட்டம் போட்டு மாலை போடுவதோடு நிறுத்தாமல், அன்று காலையில் காலனிக் கிணற்றை அளந்து எழுதுங்கள். 22ஆம் தேதி அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போய், இந்த எண்ணைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள் என்று கேளுங்கள். ஏற்றினால் அது அரசு ஆவணம். மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டில் எது கிடைத்தாலும் அடுத்த அடியை அங்கிருந்து எடுத்துவைக்கலாம்.

ஜெய்பீம்.